ரிப்போர்ட்ல "இடியோபதிக்"னு போட்டிருக்கு, இதுக்கும் "இடியட்"டுக்கும் சம்பந்தம் உண்டா?

நீலமலர்:

எல்லாருக்கும் வணக்கம். இது வைத்தியம் கேக்கற பதிவு இல்லைங்க, டாக்டரைப் பாத்தாச்சு, அடுத்த செக்கப்புக்கு தேதியும் வாங்கியாச்சு. எனக்கு ஒரு வார்த்தையப் பத்தி மட்டும் தெளிவா தெரியணும், அதான் மொழி பத்தி பேசற இந்தப் பகுதில போடறேன்.

என் பொண்ணுக்கு 13 வயசு. போன மாசம் அவளுக்குத் தலை பின்னி விடும்போது கவனிச்சேன், வலது பக்கம் தோள்பட்டை எலும்பு இடது பக்கத்த விட கொஞ்சம் தூக்கலா தெரிஞ்சுது. குனியச் சொல்லிப் பாத்தேன், முதுகுல ஒரு பக்கம் மட்டும் லேசா மேடு. பயந்து போயி மறுநாளே கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்ரே எடுத்தாங்க, அதுல பென்சிலால ரெண்டு கோடு போட்டு 19 டிகிரின்னு எழுதினாங்க, ரிப்போர்ட்ல "அடலசன்ட் இடியோபதிக் ஸ்கோலியோசிஸ்"னு இருக்கு, முதுகெலும்பு வளைவாம். சின்ன வளைவுதான், நாலு மாசம் கழிச்சு பாக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வெளிய கூட்டம், நின்னு கேக்க முடியல.

வீட்டுக்கு வந்ததும் அவளே ரிப்போர்ட்ட எடுத்துப் படிச்சா. நடு வார்த்தை மேல விரல வெச்சுட்டு, "அம்மா இதுல இடியட்னு வருது பாரு, நான் ஒழுங்கா உக்காராததாலதான் வந்துச்சுன்னு எழுதியிருக்காங்களா"ன்னு கேட்டா. எனக்கு பதில் வரலை. ஏன்னா ரெண்டு வருஷமா "கூன் போடாத, நிமிந்து உக்காரு"ன்னு அவளத் திட்டிட்டே இருந்தது நான்தான். அவ அத மனசுல வெச்சுதான் கேக்கறா.

ரெண்டும் ஒரே வேரா? அப்படின்னா ஒரு நோய்க்கு ஏன் இப்படி பேர் வெச்சாங்க? அவகிட்ட என்ன சொல்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க, நீளமா இருந்தாலும் படிக்கிறேன்.

சொல்தேடி:

சம்பந்தம் இருக்குங்க, அத மறைக்க வேண்டாம், பொண்ணுகிட்டயும் மறைக்காதீங்க, ஏன்னா முழுக்கதையும் கேட்டா அந்த வார்த்தை மேல பயமே போயிடும்.

கிரேக்கத்துல "இடியோஸ்"னு ஒரு சொல். அர்த்தம் "சொந்தமான, தனக்கே உரிய, தனிப்பட்ட". அவ்வளவுதான், திட்டு ஒண்ணும் கிடையாது. "பாத்தோஸ்"னா பட்ட துன்பம், நேர்ந்த பாதிப்பு, நோய். ஹோமியோபதி, அலோபதின்னு நாம தினமும் சொல்றோமே, அந்த "பதி" இதேதான். ரெண்டையும் சேத்தா இடியோபதிக், அதாவது "தனக்கே உரிய நோய்", வேற எதோட விளைவாவும் வராம தானா நிக்கற நோய்.

அதே இடியோஸ்ல இருந்து வந்தவங்கள பாருங்க. இடியம், ஒரு மொழிக்கே உரிய சொல்வழக்கு. இடியோசின்கிரசி, ஒவ்வொரு ஆளோட உடம்புக்கும் உரிய தனிக்கலவை, கிரேக்கத்துல "கிராசிஸ்"னா கலப்பு. ஒரு மருந்து ஆயிரம் பேருக்கு ஒண்ணும் பண்ணாம ஒருத்தருக்கு மட்டும் எதிர்பாராத விதமா வேலையக் காட்டினா அத இன்னைக்கும் இடியோசின்கிராட்டிக் ரியாக்‌ஷன்னுதான் டாக்டருங்க சொல்றாங்க.

இப்போ இடியட். "இடியோட்டேஸ்"னா முதல்ல தனியாள், பதவில இல்லாத சாதாரண மனுஷன். அப்புறம் ஒரு தொழில் தெரிஞ்சவருக்கு எதிர்ப்பதமா, அந்தத் தொழில் தெரியாதவர். இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு சாட்சி இருக்கு. கி.மு. 430ல ஏதென்ஸ் நகரத்துல பெரிய கொள்ளைநோய் வந்துச்சு, தூசிடிடீஸ்ங்கற வரலாற்றாசிரியர் அத எழுதி வெச்சிருக்கார், அவருக்கே அந்த நோய் வந்து பிழைச்சவர். இந்த நோய் எங்க இருந்து வந்துச்சு, எதனால வந்துச்சுங்கறத மருத்துவரோ சாதாரண ஆளோ அவங்கவங்களுக்குத் தோணினபடி சொல்லிக்கட்டும், நான் நோய் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் எழுதறேன், மறுபடி வந்தா அடையாளம் தெரியும்ங்கற மாதிரி எழுதறார். அந்த "சாதாரண ஆள்"ங்கற இடத்துல அவர் போட்ட சொல்தான் இடியோட்டேஸ். டாக்டர் இல்லாத எல்லாரும் அந்த அர்த்தத்துல இடியோட்டேஸ்தான், நீங்களும் நானும் உட்பட.

அதுக்கப்புறம்தான் சொல் கீழ இறங்குது. லத்தீன்ல "இடியோட்டா"ன்னு போனதும் படிப்பறிவில்லாதவன்னு ஆச்சு, பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்ததும் புத்தி குறைஞ்சவன்னு ஆச்சு. 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல மருத்துவத்துலயே மனவளர்ச்சி குன்றினவங்கள வகைப்படுத்த அத அதிகாரப்பூர்வமா பயன்படுத்தினாங்க, மனவயசு மூணுக்குக் கீழ இருந்தா இந்தப் பேர்னு. அத நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அந்த இறக்கம் எல்லாம் ஒரு கிளைல நடந்தது. உங்க பொண்ணு ரிப்போர்ட்ல இருக்கறது பக்கத்துக் கிளை, அதுல அழுக்கு படியல.

வேர்க்கடலை:

சொல்தேடி சார் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். இடியோஸ்ங்கற சொல்லோட மூலம் "தன், தான்"ங்கற அர்த்தம் உள்ள ஒரு பழைய இந்தோ ஐரோப்பிய வேர், சமஸ்கிருதத்துல "ஸ்வ"ன்னு இருக்கே அதேதான்னு மொழியியல்காரங்க சொல்றாங்க. அந்த ஸ்வ வழியாத்தான் நமக்கு சுயம், சுயநலம், சுயசரிதை எல்லாம் வந்துச்சு. கிரேக்கத்துல சொல் முதல்ல வர ஸ தேஞ்சு ஹ ஆகும், ஏழுங்கற அர்த்தம் உள்ள "சப்த" அங்க ஹெப்டா ஆன மாதிரி, அப்புறம் அந்த ஹ-வும் வ-வும் கூட இங்க உதிந்து போச்சு, அதனால காதுக்கு ஒட்டே தெரியாது. ஆக இடியோபதிக்ல இருக்கற "இடியோ"வுக்கு நெருங்கின சொந்தம் யாருன்னா நம்ம "சுய"தான் அக்கா. பொண்ணுகிட்ட இடியட்ட விட்டுட்டு சுயம்னு சொல்லிக் குடுங்க.

சிலர் இத ஐடியான்னு சேத்து ஐடியோபதிக்னு படிப்பாங்க. ஐடியா வேற குடும்பம், அது "பாக்கறது"ங்கற வினைல இருந்து வந்தது.

ராகவி பிஸியோ:

அக்கா, நான் பிஸியோதெரபிஸ்ட், முதுகு வளைவு உள்ள பசங்கள வாரத்துக்கு நாலஞ்சு பேரையாவது பாக்கறேன். வார்த்தையோட வரலாறு எனக்கு இப்பதான் தெரியுது, ஆனா ரிப்போர்ட்ல அது என்ன வேலை செய்யுதுன்னு சொல்றேன்.

முதல்ல இத அவகிட்ட இன்னைக்கே சொல்லுங்க: உக்காந்த விதத்தால இது வராது. பை தூக்கினதாலயும் வராது, ஒருக்களிச்சுப் படுத்ததாலயும் வராது. கூன் போட்டு உக்காந்தா முதுகு முன்னால வளையும், நினைச்சா நிமித்திக்கலாம். ஸ்கோலியோசிஸ்ல முதுகெலும்பு பக்கவாட்டுல வளைஞ்சு அதோட சேந்து முறுக்கிக்கும், அதனாலதான் குனிஞ்சா ஒரு பக்க விலா மேடாத் தெரியுது. நிமிந்து உக்காந்தா போறது இல்ல அது. நீங்க திட்டினதுக்கும் இதுக்கும் முடிச்சு போடாதீங்க, அவளும் போட வேண்டாம்.

இப்போ அந்த நடு வார்த்தை. முதுகெலும்பு வளையறதுக்கு நமக்குத் தெரிஞ்ச காரணங்கள் சிலது இருக்கு. பிறக்கும்போதே ஒரு முள்ளெலும்பு பாதியா உருவாகியிருக்கலாம், அத கன்ஜெனிட்டல்னு போடுவாங்க. பெருமூளை வாதம், தசைச் சிதைவு மாதிரி நரம்பு தசை கோளாறால வந்தா நியூரோமஸ்குலர். டாக்டர் எக்ஸ்ரேவப் பாத்து, கால் கை பலம், அனிச்சைச் செயல் எல்லாம் சோதிச்சு, இதுல எதுவும் இல்லன்னு ஒதுக்கின பிறகுதான் இடியோபதிக்னு எழுதுவாங்க. அதாவது அந்த வார்த்தைக்குள்ள நாலஞ்சு "இல்லை" இருக்கு, எல்லாமே உங்களுக்கு நல்ல செய்தியான இல்லை. ஸ்கோலியோசிஸ் கேஸ்ல 100க்கு 80 இந்த வகைதான். குடும்பத்துல ஓடறது உண்டு, ஜீன் பங்கு இருக்குன்னு தெரியும், ஆனா இதுதான் காரணம்னு ஒத்த விரல நீட்ட முடியாது.

கார்த்திகைப்பூ:

நான் கொஞ்சம் கோபமாவே பேசறேன், மன்னிச்சுக்கோங்க. எனக்கு 2004ல திடீர்னு உடம்பு பூரா சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி, பல் தேச்சா ரத்தம், டெஸ்ட் எடுத்தா ரத்தத்த உறைய வெக்கற தட்டணு (பிளேட்லெட்) 9000, இருக்க வேண்டியது குறைஞ்சது ஒண்ணரை லட்சம். இடியோபதிக் த்ராம்போசைட்டோபீனிக் பர்ப்யூரான்னு எழுதினாங்க. அப்படின்னா என்னன்னு வார்டுல இருந்த டாக்டரக் கேட்டேன், "இடியோபதிக்னா இடியோபதிக்தான்"னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார். அந்த ராத்திரி நான் தூங்கவே இல்ல. அவங்களுக்கே தெரியாத நோய் எனக்கு வந்திருக்குன்னு நினைச்சேன்.

பின்னாடிதான் புரிஞ்சுது, நோய் என்னன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும், என்ன மருந்து கொடுக்கணும்னு தெரியும், எது தூண்டிவிட்டுதுன்னு மட்டும்தான் தெரியாது. இந்த ஒரு வரிய அன்னைக்கு சொல்லியிருந்தா போதும். காரணம் தெரியாதுன்னா தமிழ்ல தெரியாதுன்னு சொல்லலாமே, எதுக்கு கிரேக்கத்துக்குப் பின்னாடி ஒளியணும்?

இன்னொண்ணு. என்னோட நோய்க்கு இப்போ அந்தப் பேரே இல்ல. உடம்போட எதிர்ப்பு சக்தியே தட்டணுக்கள அழிக்குதுன்னு உறுதியாத் தெரிஞ்சதால 2009ல நிபுணர் குழு இம்யூன் த்ராம்போசைட்டோபீனியான்னு மாத்திட்டாங்க. சுருக்கமா ஐடிபின்னு சொல்றது மட்டும் பழகிப்போச்சுன்னு அப்படியே வெச்சுக்கிட்டாங்க, உள்ள இருக்கற "ஐ"க்கு அர்த்தம் மாறிடுச்சு. என் பழைய ஃபைல்ல ஒரு ஐ, புது ஃபைல்ல வேற ஐ.

சொல்தேடி:

கார்த்திகைப்பூ அம்மா, உங்க கோபம் நியாயம். ஆனா அந்தச் சொல் ஒளியறதுக்காகப் பிறக்கல, அத மட்டும் சொல்லணும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டுல கேலன்னு ஒரு மருத்துவர், பெர்கமோன் ஊர்க்காரர், அவருக்கு அப்புறம் ஐரோப்பாவும் அரபு உலகமும் ஆயிரம் வருஷத்துக்கு மேல அவர் சொன்னதத்தான் படிச்சாங்க. அவர் நோய்கள ரெண்டாப் பிரிச்சார். ஒரு உறுப்பு தானே கெட்டு நோய் வந்தா அது இடியோபதையா. வேற ஒரு உறுப்பு கெட்டதால இந்த உறுப்பும் சேந்து அவதிப்பட்டா அது சிம்பதையா, "சின்"னா கூட, சேந்து. காக்கா வலிப்ப எடுத்து விளக்கறார்: மூளைலயே தொடங்கறது ஒரு வகை, வயித்தோட மேல்வாயில தொடங்கி மூளைய பாதிக்கறது இன்னொரு வகை, கை கால் மாதிரி வேற இடத்துல தொடங்கி மேல ஏறறது மூணாவது வகை. முதல் வகைதான் அவருக்கு இடியோபதி. அங்க "காரணம் தெரியாது"ங்கற அர்த்தமே கிடையாது, "மூல இடம் இதுதான்"னு அடிச்சு சொல்ற சொல் அது!

அந்த சிம்பதையாதான் சிம்பதி ஆச்சு, உங்களுக்காக நான் வருத்தப்படறது. உறுப்புகள் ஒண்ணுக்கொண்ணு பரிதாபப்படறத கடத்தற நரம்புன்னு நினைச்சு 1732ல வின்ஸ்லோங்கற உடற்கூறு அறிஞர் வெச்ச பேர்தான் சிம்பதெட்டிக் நரம்பு, இன்னைக்கும் மருத்துவ மாணவங்க அப்படித்தான் படிக்கறாங்க.

17ஆம் நூற்றாண்டுல ஆங்கிலத்துக்குள்ள இடியோபதி வந்தப்பவும் "மூல நோய்"ங்கற அர்த்தத்துலதான் வந்துச்சு (நம்ம வழக்குல மூலம்னா வேற நோய், அதனால "முதல் நோய்"னு வெச்சுக்கலாம்). அப்புறம் கிருமி, விட்டமின் குறை, ஹார்மோன், ஜீன்னு ஒவ்வொரு நோய்க்கா காரணம் கண்டுபிடிக்க கண்டுபிடிக்க, வெளிக் காரணம் எதுவும் அகப்படாத நோய்கள் மட்டும் "தானா வந்தது"ங்கற கூடைல தங்கிப்போச்சு. தானா வந்ததுங்கறது மெதுவா "எப்படி வந்துச்சுன்னு தெரியல"ன்னு ஆயிடுச்சு. சொல் அதே இடத்துல நின்னுட்டு இருந்துச்சு, சுத்தி இருந்த அறிவு நகந்து போச்சு.

கேலன் உதாரணமா எடுத்த அதே வலிப்பு நோய்ல, 2010ல சர்வதேச வலிப்பு எதிர்ப்பு லீக் இடியோபதிக்ங்கற வகைய விட்டுட்டு ஜெனட்டிக்னு சொல்லலாம்னு முன்மொழிஞ்சாங்க. ஏறக்குறைய 1800 வருஷம் ஒரு நோய் மேல ஒட்டியிருந்த சொல் அது.

மணல்வீடு:

கார்த்திகைப்பூ அம்மா கேட்ட கேள்வி எனக்கும் உண்டு, தமிழ்ல என்ன சொல்றது? நான் மொழிபெயர்ப்பு வேலை செய்யறேன், நோயாளிகளுக்கான கையேடு எல்லாம் வரும். "காரணம் அறியப்படாத"ன்னு போடறதுதான் வழக்கம். அது சரிதான், ஆனா எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை, "தான்தோன்றி"ன்னு போடணும்னு. கோயில்ல சுயம்பு சாமிய அப்படிச் சொல்வோமே, யாரும் செதுக்காம, யாரும் வெக்காம, தானா தோன்றினது. இடியோபதிக்கோட பழைய அர்த்தத்துக்கு அச்சு அசலா உக்காருது.

ஒரு தடவ வரைவுல எழுதியும் பாத்தேன், "தான்தோன்றி முதுகு வளைவு"ன்னு. படிச்சுப் பாத்த ஒரு நர்ஸ் அடிச்சுட்டாங்க, "தான்தோன்றித்தனமா திரிஞ்சதால வந்துச்சுன்னு பசங்கள திட்டப் போறாங்க"ன்னு ஓரத்துல எழுதியிருந்தாங்க. இந்தத் திரிய படிச்சதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. பாருங்க, கிரேக்கத்துல இடியோஸ்க்கு நடந்தது இங்கயும் நடந்திருக்கு. தான்தோன்றிங்கறது மரியாதையான சொல்லா இருந்து, தனம் சேந்ததும் அடங்காதவன்ங்கற வசவு ஆயிடுச்சு. தனக்குள்ளயே நிக்கறவங்கள ஊர் சும்மா விடாது போல, எந்த மொழியா இருந்தாலும். நர்ஸ் சொன்னது சரின்னு இப்போ முழுசா ஒத்துக்கறேன், காரணம் அறியப்படாதன்னே இருக்கட்டும்.

ராகவி பிஸியோ:

மணல்வீடு, அந்த நர்ஸுக்கு ஒரு கும்பிடு. கையேடு படிக்கறவங்க பயத்தோட படிப்பாங்க, ஒரு சொல்லுல ரெண்டு அர்த்தம் இருந்தா கெட்டதத்தான் எடுத்துப்பாங்க. இதே காரணத்துக்காக ஒரு நோய்க்கு இடியோபதிக்ங்கற சொல்ல வேணும்னே கொண்டு வந்திருக்காங்க தெரியுமா. மண்டைக்குள்ள அழுத்தம் கூடற ஒரு பிரச்சனை, கட்டி இருக்காது, முன்னாடி "பினைன்"னு பேர் வெச்சிருந்தாங்க, கெடுதல் இல்லாததுன்னு அர்த்தம். ஆனா கவனிக்காம விட்டா பார்வையே போகும். பினைன்னு படிச்சுட்டு யாராவது அலட்சியமா இருந்துட்டா? அதனால பினைன எடுத்துட்டு இடியோபதிக் இன்ட்ராக்ரேனியல் ஹைப்பர்டென்ஷன்னு ஆக்கினாங்க. தெரியாதுன்னு ஒத்துக்கற சொல், பொய்யா ஆறுதல் சொல்ற சொல்ல விட மேல்.

நீலமலர்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரி அவளப் பக்கத்துல உக்கார வெச்சு மொத்தத்தையும் படிச்சுக் காட்டினேன். முதல்ல நீ உக்காந்ததால வரலன்னு ராகவி எழுதினத ரெண்டு தடவ படிக்கச் சொன்னா. அப்புறம் நான் திட்டினதுக்கு மன்னிப்பு கேட்டேன். "சரி விடு"ன்னா, ஆனா கொஞ்ச நேரம் கழிச்சு என் தோள்ல சாஞ்சுக்கிட்டா.

அப்புறம் ரிப்போர்ட் ஜெராக்ஸ எடுத்து மூணு வார்த்தைக்கும் மேல பென்சிலால எழுத ஆரம்பிச்சா. இடியோபதிக் மேல "சுயம்"னு எழுதினா. ஸ்கோலியோசிஸ் மேலயும் அடலசன்ட் மேலயும் என்ன எழுதறதுன்னு கேக்கறா. இன்னொரு கேள்வியும் கேட்டா, நாளைக்கு காரணத்த கண்டுபிடிச்சுட்டா என் ரிப்போர்ட்ல பேர் மாறுமான்னு.

சொல்தேடி:

ஸ்கோலியோஸ்னா கிரேக்கத்துல வளைஞ்சது, கோணல். அடலசன்ட் லத்தீன், "வளந்துட்டு இருக்கற". அதே வினையோட முடிஞ்ச வடிவம்தான் அடல்ட், "வளந்து முடிஞ்ச". ஆக "வளரும், சுயம், வளைவு"ன்னு எழுதச் சொல்லுங்க. எலும்பு டாக்டர ஆர்த்தோபீடிக்னு சொல்றோமே, அந்தச் சொல்லும் இந்தக் கதைலதான் இருக்கு, ஆர்த்தோஸ்னா நேரானது, பைடியோன்னா குழந்தை, குழந்தைங்க உடம்ப நேராக்கற கலைன்னு 1741ல நிக்கோலா ஆந்த்ரிங்கற பிரெஞ்சு மருத்துவர் உருவாக்கின சொல் அது. அவர் புத்தகத்துல ஒரு கோணல் இளமரத்த கம்போட சேத்துக் கட்டியிருக்கற படம் ஒண்ணு உண்டு, பல எலும்பு மருத்துவ சங்கங்களோட சின்னமா இன்னைக்கும் இருக்கு. அவளுக்குக் காட்டுங்க.

பேர் மாறுமாங்கற கேள்விக்கு கார்த்திகைப்பூ அம்மாதான் பதில்.

கார்த்திகைப்பூ:

மாறும்டா கண்ணு. எனக்கு மாறுச்சு. பேர் மாறினப்போ எனக்கு ஒண்ணும் கூடவும் இல்ல குறையவும் இல்ல, தட்டணு அப்போ ஒரு லட்சத்து பத்தாயிரம், நல்லாத்தான் இருந்தேன், இப்பவும் இருக்கேன்.

ராகவி பிஸியோ:

அக்கா ஒரே ஒரு விஷயம், இது சொல்லப் பத்தி இல்ல. இந்த எக்ஸ்ரேவ பத்திரமா வெச்சுக்கோங்க, நாலு மாசம் கழிச்சு போகும்போது எடுத்துட்டுப் போங்க, ஒப்பிட்டுப் பாக்க வேணும். அந்த டிகிரிய காப் கோணம்னு சொல்வோம், ஒரே படத்த ரெண்டு பேர் அளந்தாலே 5 டிகிரி வரைக்கும் முன்ன பின்ன வரும். அதனால 19 இருந்தது 21, 22ன்னு வந்தா உடனே கலங்காதீங்க. 25 தாண்டி இன்னும் வளர வயசும் பாக்கி இருந்தா பிரேஸ் (முதுகத் தாங்கிப் பிடிக்கற பட்டை) பத்திப் பேசுவாங்க, அப்போ வேணும்னா தனியாத் திரி போடுங்க, விவரமா எழுதறேன்.